காப்புக் கட்டும் முன்னே

முதலில் இருளாயிதான் வந்து சொன்னாள்.

“தம்பி, நா ஆபரேசனுக்கு வரல.”

அவள் தடவித் தடவிப் படி இறங்குவதற்குள் முத்திருளன் வந்தார். “நானும் வரலப்பா. தப்பா நெனைக்காத.”

பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கீர் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுவரை “பஸ்ஸு எப்ப வரும்?” என்று அவரைத் துளைத்து எடுத்தவர்கள் இவர்கள்தானே!

பக்கீர் முகமது மதுரைக்காரர். எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அந்த 1983 கோடை லீவில், தர்மத்துக்கு நடக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார். சோழவந்தானுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் முகாம் போட்டு, கண்ணில் புரை விழுந்த பத்துப் பேரைக் கண்டுபிடித்திருந்தார்கள். நாளைக் காலையில் பஸ் வந்து அவர்களை மதுரைக்குக் கூட்டிப்போகும். பஸ், படுக்கை, கஞ்சி என்று எல்லா ஏற்பாடும் அவருடையதுதான்.

அந்தப் பத்துப் பேரில், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சிறுமி தங்கப்பொண்ணின் அப்பா பேயாண்டியும் ஒருவர். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவர். போன மாதம் ஏணிப்படி தெரியாமல் விழுந்துவிட்டார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“உங்கப்பாவும் வர மாட்டாராம். ஏன் பாப்பா?” என்று கேட்டார் பக்கீர் அண்ணன்.

“இன்னிக்குச் சாயங்காலம் காப்புக் கட்டுறாங்கல்ல, அண்ணே!”

“அப்படின்னா?”

தங்கப்பொண்ணுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இம்புட்டுப் படித்தவருக்கு இது தெரியாதா?

“அம்மனுக்கு மஞ்சக் கயிறு கட்டுவாங்க. கட்டியாச்சுன்னா, திருவிழா முடியுற வரைக்கும் ஊருக்குள்ள இருக்கவங்க வெளியூர்ல ராத் தங்கக் கூடாது.”

“திருவிழா அடுத்த செவ்வாய்க்கிழமைன்னு சொன்னாங்களே! கேட்டுட்டுத்தானே பஸ்ஸுக்கு ஏற்பாடு பண்ணினேன்?”

“திருவிழா அடுத்த செவ்வாதான். காப்பு இன்னிக்கு.”

பக்கீர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கேட்டதற்குச் சரியான பதில்தான் கிடைத்திருந்தது. காப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, ஊரில் யாரும் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயத்தை யார் வேலை மெனக்கெட்டுச் சொல்வார்கள்?

போஸ்ட் ஆபீசுக்கு ஓடிப்போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது. “இருக்கிறது ஒரே பஸ். அது நத்தம் பக்கம் போயிருக்கு. விடிஞ்சாத்தான் வரும். இதை விட்டா இந்த ஊருக்கு அடுத்த வருஷம்தான்.”

அடுத்த வருஷமா? அதுவரை அப்பா வேலையில்லாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? தங்கப்பொண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவளுக்குச் சின்னத்தாய் அக்காவின் நினைவு வந்தது.

“அண்ணே! போன வருசம் சின்னத்தாய் அக்கா காப்புக்கு முன்னாடியே பிரசவத்துக்குப் போயிருச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. கட்டும்போது ஊருக்குள்ள இல்லாதவங்களைக் காப்பு கட்டுப்படுத்தாது. வாய்க்கா பாலம்தான் எல்லை. எல்லாரும் இப்பவே பாலத்தைத் தாண்டிட்டா?”

பக்கீர் அண்ணன் துள்ளி எழுந்தார். “பாலத்துக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில் இருக்கு. களத்துல படுக்க இடம் கேட்கிறேன். ஆனா கண்ணு தெரியாத பத்துப் பேரை யாரு நடத்திக் கூட்டிட்டு வர்றது?”

“நா பிள்ளைகளைக் கூட்டியாரேன்!”

அவர் சைக்கிளில் பறந்தார். தங்கப்பொண்ணு கோலிக்குண்டு விளையாடிய பயல்களையும், பல்லாங்குழி ஆடிய பிள்ளைகளையும் கிளப்பினாள். வீடு வீடாகப் போய், பெரியவர்கள் கையைப் பிடித்து நடத்தி வந்தார்கள். “மெதுவாடா, எனக்குக் கண்ணுதான் தெரியல. காலாச்சும் முழுசா இருக்கட்டும்” என்று முத்திருளன் கத்தினார்.

பொழுது சாயும் நேரத்தில் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கீர் அண்ணன் எண்ணிப் பார்த்தார். ஓர் ஆள் குறைந்தது.

“இருளாயி எங்க?”

“ஆட்டைக் கட்டிட்டு வாரேன்னு சொல்லி என் கைய உதறிட்டுப் போயிருச்சு” என்றான் அழகுமலை. அவனுக்கு ஆறு வயதுதான்.

ஊருக்குள் கொட்டுச் சத்தம் கிளம்பியது. அது ஊரைச் சுற்றிக் கோயிலுக்கு வந்ததும் காப்புக் கட்டிவிடுவார்கள்.

தங்கப்பொண்ணு அப்பாவைப் பார்த்தாள். துணைக்கு ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். அம்மாவோ கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். துணைக்குப் போக வேண்டிய தங்கப்பொண்ணு ஊருக்குள் போய் மாட்டிக்கொண்டால் அப்பாவும் போக முடியாது.

“அந்தக் கிழவிக்கு யாரும் இல்லத்தா, அதுக்கும் நீதான் தொணை” என்றார் பேயாண்டி. “ஓடு. வெரசா வந்துரு.”

அவள் ஓடினாள். இருளாயி ஆட்டைக் கட்டிவிட்டு, வாசலுக்கு வழி தெரியாமல் வேலியைத் தடவிக்கொண்டு நின்றாள். தங்கப்பொண்ணு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வேகமா வாங்க, அம்மாச்சி!”

“இதுக்கு மேல வேகமா நா எங்கிட்டு வர? நீ போ ஆத்தா. எனக்குக் கண்ணு வேணாம்.”

“ஒங்கள விட்டுட்டுப் போக மாட்டேன்!”

கோயிலைத் தாண்டித்தான் பாலத்துக்குப் போக வேண்டும். அவர்கள் அங்கே வந்தபோது கொட்டு நின்றிருந்தது. பூசாரி மலைச்சாமி மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். அவர் ரொம்பக் கண்டிப்பான ஆள். கோயில் வாசலில் செருப்போடு யாராவது நின்றால் ஊரே கேட்கிற மாதிரி திட்டுவார்.

அவர் நிமிர்ந்தார். தட்டுத்தடுமாறி வரும் இருளாயியையும், அவளை இழுத்துக்கொண்டு ஓடும் சிறுமியையும் பார்த்தார்.

“என்னடா கயிறு இது?” என்று பூசாரி உறுமினார். “மஞ்ச சரியா ஒட்டவே இல்ல! இதையா அம்மனுக்குக் கட்டுறது? போய் வேற நனைச்சுக் கொண்டாங்கடா. நல்லா ஊறட்டும்.”

“நல்லாத்தானே இருக்கு, பூசாரி?” என்றது ஒரு குரல்.

“நீ பூசாரியா, நா பூசாரியா?”

தங்கப்பொண்ணு அதற்கு மேல் கேட்கவில்லை. இருளாயியைப் பாதி இழுத்து, பாதி தூக்கி, விழுந்தடித்துப் பாலத்தைத் தாண்டினாள். பக்கீர் அண்ணன் இருவரையும் தாங்கிப் பிடித்தார். எல்லோரும் மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் ஊருக்குள் காப்புக் கட்டும் குலவைச் சத்தம் எழுந்தது.

சொன்னபடி காலையில் பஸ் வந்தது. பத்துப் பேருக்கும் நல்லபடியாக ஆபரேஷன் முடிந்தது.

கட்டுப் பிரிக்கும் நாளில் டாக்டர் பேயாண்டிக்குத் தடிக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். “எதிர்ல யாருன்னு தெரியுதா?”

பேயாண்டி கண்ணைச் சிமிட்டினார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கப்பொண்ணுக்குப் பயமாக இருந்தது.

“அப்பா, தெரியலையா?”

“தெரியுது தாயி.” அவர் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார். “இம்புட்டு ஒசரமா வளந்துட்டியே!”

தங்கப்பொண்ணு அவருக்குத் தெரியாமல் குதிகாலைத் தூக்கி இன்னும் கொஞ்சம் உயரமாக நின்றுகொண்டாள்.