பதினெட்டுக் கட்டம் முன்னால்

இரண்டு கைகள். ஒரு டப்பா.

"நான்தான் முதல்ல தொட்டேன்," என்றாள் அவள்.

"நான்தான் முதல்ல பார்த்தேன்," என்றான் அவன்.

"பார்த்ததெல்லாம் கணக்குல வராது."

"அப்ப கண்ணு எதுக்குங்க இருக்கு?"

அவள் நிமிர்ந்தாள். தூறல் படிந்த கண்ணாடி. அதற்குப் பின்னால் சிரிப்பை அடக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்த இரண்டு கண்கள்... சட்டென்று பார்வையை டப்பாவுக்கு இறக்கிக்கொண்டாள். அங்கே பார்ப்பதுதான் பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை. தலைக்கு மேல் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் விரிப்பில் மழை படபடத்தது. கடைக்காரர் ஒரு குச்சியால் விரிப்பை முட்டித் தேங்கிய நீரை வழித்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"மூக்கு, சண்டை போடாதம்மா. இந்த மழையில வந்ததே ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா நான் யாருக்கு விக்கிறது?"

"மூக்கா?" என்றான் அவன்.

சந்தையில் அவளுக்கு அதுதான் பெயர். எந்த ஃபிலிம் டப்பாவைத் திறந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பழைய ஃபிலிம் கெடத் தொடங்கினால் புளித்த வாடை வரும். ஒரு சுருள் கெட்டால் பக்கத்துச் சுருளையும் கெடுத்துவிடும். வார நாட்களில் நூலகத்தின் ஃபிலிம் அறையில் அவளுக்கு இதே வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது சம்பளமில்லாத பைத்தியம்.

பைத்தியம் ஒரே ஒரு பாடகியின் மீது. வீட்டுக்கு வீடு வீடியோ வருவதற்கு முன்பு, அந்தப் பாடகியின் பாட்டுகளைச் சின்னச் சின்னச் சுருள்களாக்கி, வீட்டில் போட்டுப் பார்க்கும் குட்டிப் புரொஜக்டர்களுக்காக விற்றிருந்தார்கள். உள்ளங்கை அகல டப்பா. நாலு நிமிடம், ஐந்து நிமிடம். மொத்தம் ஒன்பது சுருள்கள். எட்டு அவளிடம் இருந்தன.

இது ஒன்பதாவது.

"இது இருந்த பெட்டியையே தம்பி மொத்தமா எடுத்துட்டாரும்மா," என்றார் கடைக்காரர். "நீ வர்றதுக்கு முன்னாடியே."

அவள் கை டப்பாவை விட்டது. விரல் விரலாக.

"வீட்டுல புரொஜக்டர் இருக்கா?"

"இல்ல."

"அப்ப வாங்கிட்டுப் போய் எப்படிப் பார்ப்பீங்க?"

"பார்க்கறதுக்கு இல்லீங்க. கேட்கறதுக்கு."

கேட்பதற்காக ஃபிலிம் வாங்கும் ஆளை அவள் இதுவரை கண்டதில்லை. ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது. பறிகொடுத்தவள் கேள்வி வேறு கேட்பதா... அடக்கிக்கொண்டாள். டப்பாவை மட்டும் வாங்கித் திறந்து முகர்ந்தாள். புளிப்பில்லை. பழைய காகித வாடைதான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சுத்தம் பண்ணாம ஓட்டிடாதீங்க. தூசி கீறிடும்."

"சுத்தம் பண்றதுதானே நம்ம தொழில்," என்று சிரித்தான் அவன். "பல் டாக்டர்."

எதைக் கொண்டு துடைக்க வேண்டும், எதைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது... இரண்டும் அவள் வாய்வரை வந்தன. சொல்லவில்லை.

"ஏதாவது கேட்கணும்னா நூலகத்துக்கு வாங்க. ஃபிலிம் அறைன்னா காட்டுவாங்க."

விறுவிறுவென்று மழையில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் அது இன்னும் மோசம்.

பதினோரு நாட்கள்.

கதவு திறந்த போதெல்லாம் தலை நிமிர்ந்தது. காப்பி கொண்டுவருபவர், மின்விசிறி பார்க்க வந்தவர், மேலதிகாரி. ஏன் இன்னும் வரவில்லை? யாரைக் கேட்க வேண்டும்? வெட்டி ஒட்டும் நாடாவை இரண்டு முறை கோணலாக ஒட்டினாள். பக்கத்து மேசை அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரைடி எதிர்பார்க்கற?"

"யாரையும் இல்லக்கா."

"அந்த யாருமில்லாதவர் உயரமா, குள்ளமா?"

பன்னிரண்டாம் நாள் அவன் வந்தான். கூடவே அந்தச் சிரிப்பு வரவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்தான். பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். அதைப் பிரித்தான். பஞ்சு. பஞ்சு முழுக்கப் பழுப்பு.

அவளுக்கு அந்த நிறம் தெரியும்.

"எதால தொடைச்சீங்க?"

"ஸ்பிரிட். கிளினிக்ல எல்லாத்தையும் அதாலதான்... அழுக்கு வருதுன்னு நினைச்சேன். வர வர இன்னும் தொடைச்சேன்."

"அது அழுக்கு இல்ல."

ஃபிலிமை ஒரு சாண் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இந்தச் சுருள்களில் ஒரு விளிம்பு நெடுகப் பழுப்பாக மெல்லிய பட்டை ஒன்று ஓடும். பாட்டு பதிந்திருப்பது அதில்தான். அவன் துடைத்த இடத்தில் பட்டை இல்லை. படம் இருந்தது. ஊமையாக.

"படிச்சவர்தானே நீங்க? ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அக்கா ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போனார்.

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அம்மா இதில் இருக்கிறார் என்றான். பாடகிக்குப் பின்னால் வரிசையாக நின்று பாடும் பெண்களில் இடமிருந்து இரண்டாவது, உயரமானவர். பாட்டின் முடிவில் பாடகிக்கு மூச்சு முட்டிவிட்டதாம். விட்ட ஒரு சொல்லை அம்மா பின்னாலிருந்து எடுத்துப் பாடிவிட்டாராம். ஒரே ஒரு சொல். 'மறவேன்.' அரங்கமே திரும்பிப் பார்த்ததாம்.

"எனக்கு ரெண்டு வயசு இருக்கும்போது தொண்டையில ஆபரேஷன். அதோட குரல் போச்சு. இப்ப பேசினா காத்து மாதிரிதான் வரும். அவங்க பாடி நான் கேட்டதே இல்லீங்க. அப்பா சாகற வரைக்கும் கேலிதான் பண்ணுவாரு. 'ஆமாமா, நீ பாடித்தான் அவளுக்குப் பேரு வந்துச்சு'ன்னு."

அவள் லென்ஸை அருகே இழுத்தாள்.

"ஆனா முன்னாடி கொஞ்சம்தான் போயிருக்கு. பழுப்பைப் பார்த்து பயந்து நிறுத்திட்டேன். அம்மா பாடறது கடைசியில. அது இருக்கும்தானே?"

அவள் வெளிநுனியை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். கையெழுத்துப் போன்ற அழகான எழுத்தில் ஒரு சொல் தெரிந்தது. முற்றும்.

கடைசியாகப் பார்த்தவர்கள் திருப்பிச் சுற்றாமல் டப்பாவில் போட்டுவிட்டார்கள். சுருளின் வெளிப்பக்கம் இருந்தது தலையல்ல, வால். அவன் துடைக்கத் தொடங்கியது பாட்டின் முடிவிலிருந்து.

சொல்லத் தேவையிருக்கவில்லை. அவனும் குனிந்து லென்ஸில் பார்த்துவிட்டான். நெற்றி நெற்றியைத் தொடாத தூரம். மூச்சு மட்டும் நின்று, பிறகு வந்தது.

"வச்சுக்கோங்க," என்று எழுந்தான். "உங்களுக்கு இது ஒன்பதாவதாமே, கடைக்காரர் சொன்னாரு. உங்க கையிலயாவது ஒழுங்கா இருக்கட்டும்."

"இருங்க..."

கதவு சாத்தியது.

ஆக, ஒன்பதும் சேர்ந்துவிட்டது. எத்தனை வருட ஆசை! சந்தோஷம் மட்டும் வரவில்லை. வெளியே போய்க் கூப்பிட ஐந்து நிமிடம் ஆகாது. கால் எழவில்லை. கோபித்துக்கொண்டு போனவர் அவர்தானே, வந்தால் வரட்டுமே... என்றது உள்ளே ஒன்று. அந்த ஒன்றைத்தான் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் எப்போதும் அதன் பேச்சைத்தான் கேட்பாள்.

வேறு வழி தெரியாமல் ஃபிலிமைப் பார்க்கத் தொடங்கினாள்.

விளக்கு மேசையில் நீட்டி, வாலிலிருந்து பின்னோக்கிப் போனாள். சுண்டுவிரல் நகமளவு கட்டங்கள். திரை விழுகிறது. பாடகி கும்பிடுகிறாள். பாடகி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால், இடமிருந்து இரண்டாவது, உயரமாக ஒரு பெண். வாய் திறந்திருக்கிறது.

பொய்யில்லை. அந்த அம்மா சொன்னது பொய்யில்லை.

வாய் திறக்கும் கட்டத்திலிருந்து மூடும் கட்டம்வரை எண்ணினாள். பதினாறு. ஒரு நொடிக்கும் குறைவு. பழுப்புப் பட்டை எங்கே முடிகிறது என்று தேடினாள். வாய் திறக்கும் கட்டத்துக்குச் சரியாக ஒரு கட்டம் முன்னால். அந்தச் சொல்லின் பதினாறு கட்டங்களும் துடைத்த பகுதியில்.

லென்ஸைக் கீழே வைத்தாள். ஜன்னலில் மழை.

பிறகு... மெதுவாக... மறுபடி எடுத்தாள்.

புரொஜக்டரில் படத்தைக் காட்டும் விளக்கு ஓரிடம். ஒலியைப் படிக்கும் தலை கொஞ்சம் தள்ளி, கீழே வேறோர் இடம். இரண்டும் சேர்ந்து வர வேண்டுமே! அதனால் எந்த வாயசைவின் ஒலியும், அந்தப் படத்துக்குப் பதினெட்டுக் கட்டம் முன்னாலேயே பட்டையில் பதிந்திருக்கும். தினமும் செய்கிற வேலை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதை யார் யோசிக்கிறார்கள்?

பதினெட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். வாய் மூடும் கட்டத்தின் ஒலி, பழுப்புப் பட்டை முடிய இரண்டு கட்டம் இருக்கையில் முடிந்துவிடுகிறது.

இரண்டு கட்டம் மிச்சம். அவன் பஞ்சை இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால்...

மாட்டிக் கேட்டிருக்கலாம். இயந்திரம் பக்கத்திலேயே இருந்தது. கேட்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கும் முதல் காது தன்னுடையதாக இருக்கக் கூடாது.

கால் எழுந்தது. சந்தைக் கடைக்காரரிடம் கேட்டுக் கிளினிக் எண்ணைப் பிடித்தாள்.

"டாக்டர் இருக்காரா?"

"நான்தான். சீக்கிரம் சொல்லுங்க, ஒருத்தர் வாயைத் திறந்து வச்சிருக்கேன்."

"மூக்கு பேசறேன்."

மறுமுனையில் ஏதோ தட்டில் விழுந்து உருண்டது.

"அம்மாவக் கூட்டிட்டு வாங்க. இருக்கலாம். நிச்சயமில்ல. ஆனா... இருக்கலாம்."

மாலை நாலரைக்கு வந்தார்கள். அம்மா இன்னும் உயரம்தான். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்து அதன் பூட்டைத் திறந்து திறந்து மூடினார்.

"ஓடும்போதே மெஷினே நகல் எடுத்துடும்மா," என்றாள் அவள். "ஒரு தடவைதான் ஓட்டப் போறேன். ஸ்பிரிட் ஓரத்துல ஊறியிருந்தா..." முடிக்கவில்லை.

அம்மா தலையசைத்தார். ஓட்டு.

சுருள் சுழன்றது. பாடகி பாடினாள். நிறம் மங்கி எல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தது. மேடை, விளக்கு, சேலை, முகங்கள். நாலு நிமிடம் யாரும் அசையவில்லை. அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான். பாட்டு ஏறி, உச்சிக்குப் போய், பாடகியின் குரல் உடைந்தது...

'மறவேன்.'

தெளிவாக. கணீரென்று. இளங்குரல். அதற்கப்பால் கரகரப்பு, பிறகு ஒன்றுமில்லை. பாடகி மட்டும் ஊமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கைப்பையின் பூட்டை மூடினார். பிறகு காற்றைப் போன்ற அந்தக் குரலில் சொன்னார்.

"சுருதி... கொஞ்சம் ஏறிடுச்சு."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினான்.

"இன்னொரு தடவை போடும்மா," என்றார் அம்மா.

நகலை எப்படித் திரும்பத் திரும்பக் கேட்பது என்று அவள் பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள். அம்மா தானே அழுத்தினார். மறவேன். மறுபடி. மறவேன். அந்த அறையில் மற்ற இருவரும் அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே வந்தாள். அவனும் வந்தான். நீண்ட வராந்தா. முனையில் மழை.

"நன்றின்னு சொன்னா ரொம்பச் சின்னதா இருக்கும்," என்றான்.

"சொல்லாதீங்க. நான் ஒண்ணு ஒத்துக்கணும்." வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்பிரிட் படக் கூடாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய்வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"டப்பா போன கோவம்."

"நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன். பதினோரு நாள் அப்படியே நினைச்சுக்கிட்டேன்." மழையைப் பார்த்தே பேசினாள். "சொல்லிட்டா நீங்க வர மாட்டீங்க. கேட்க ஒண்ணும் இருக்காதே. அதனாலதான் சொல்லல. உங்க அம்மா குரல் போகப் பார்த்துச்சு, என் ஆசைக்கு."

அவனும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவளுக்குக் காது சுட்டது.

"நான் ஏன் உடனே வரலைன்னு கேட்கவே இல்லையே நீங்க."

"ஏன்?"

"வெறுங்கையோட வந்து நிக்கக் கூச்சம். சுத்தம் பண்ணி, பளபளன்னு கொண்டுவந்து உங்க முன்னால வச்சா... நீங்க ஒரு தடவையாவது டப்பாவ விட்டுட்டு என்னைப் பார்ப்பீங்கன்னு."

அவள் திரும்பினாள். பார்த்தாள். இந்த முறை பார்வையை எங்கும் இறக்கவில்லை.

"பார்த்துட்டேன்," என்றாள். "அன்னிக்கே."

"அப்ப... நாளைக்கு வரலாமா? கேட்க ஒண்ணும் இல்ல. சும்மா."

"சும்மாவே வாங்க."

அறைக்குள்ளிருந்து மேசையைத் தட்டும் சத்தம். காற்றுக் குரல், அதட்டலாக.

"ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க? மழைச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேட்கல. கதவைச் சாத்துடா!"

அவன் கதவைச் சாத்தினான். வெளியில் நின்றபடியே.