கயிற்றின் கடைசி ஆள்

என் அண்ணனுக்குப் பட்டப்பெயர் நங்கூரம். எனக்குக் குச்சி. எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் காரணம் கேட்டதில்லை.

பள்ளியின் கயிறு இழுக்கும் அணியில் அண்ணன்தான் கடைசி ஆள். கயிற்றை இடுப்பில் சுற்றிக் குதிகாலை மண்ணில் ஊன்றிவிட்டால், எதிரணி தலைகீழாக நின்றாலும் அவனை அசைக்க முடியாது.

அப்படிப்பட்டவன், இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் பயிற்சிக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வயிற்றுவலியாம். அவனுக்குப் பொய் சொல்ல வராது. துருவித் துருவிக் கேட்டேன்.

வைரஸால் பிள்ளைகள் குண்டாகலாம் என்று அணியின் கேப்டன் செல்போனில் எதையோ படித்திருக்கிறான். அந்தச் செய்தி கண், காது, மூக்கு வைத்துக்கொண்டு அணி முழுவதும் சுற்றிவிட்டது. அண்ணன் பிடித்த கயிற்றைப் பிடித்தால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் பயந்து, அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"சளி பிடிக்க வைக்கிற ஒரு வைரஸுக்கும் எடை கூடுறதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. இன்னும் உறுதியாகல. எடை கூட வேற எத்தனையோ காரணம் இருக்கு," என்றாள் அம்மா. "அப்படியே இருந்தாலும், அது சளி மாதிரிதான் பரவும். குண்டா இருக்கறவங்களைத் தொட்டா குண்டு ஒட்டிக்காது."

எனக்கு அது போதும்.

மறுநாள் ஒரு கையில் அண்ணன், மறு கையில் சோப்பு என்று மைதானத்துக்குப் போனேன். ஓர் ஆள் குறைவாக நின்றது எங்கள் அணி. வழக்கம்போல எல்லோரும் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வழுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அண்ணனைக் கண்டதும் இரண்டு பேர் பின்வாங்கினார்கள்.

"நான் பிறந்ததுலேர்ந்து இவனோட ஒரே ரூம்ல இருக்கேன். இவன் தட்டுலேர்ந்து பிடுங்கித் தின்னிருக்கேன். ஒட்டிக்கும்னா நான் ஏன் இன்னும் குச்சியா இருக்கேன்?" என்றேன்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அம்மா சொன்னதை அப்படியே சொல்லி முடித்தேன்.

"அண்ணனுக்குச் சளி இல்ல. இங்க யாருக்கு இருக்கு?"

பதில் சொல்வதுபோல் கேப்டன் தும்மினான், அதுவும் எச்சில் துப்பிய அதே கையில்! சட்டென்று எல்லோரும் அவனிடமிருந்து விலகினார்கள். கேப்டனின் முகம் சுருங்கிப்போனது. நேற்று அண்ணனின் முகமும் இப்படித்தான் இருந்தது.

கோபம் போய்விட்டது. என் கைக்குட்டையை அவனிடம் கொடுத்தேன்.

"இவனையும் ஒதுக்காதீங்க. எல்லாரும் கையைக் கழுவுங்க. எச்சில் வேண்டாம், காய்ஞ்ச மண்ணைத் தேய்ச்சுக்கலாம்."

குழாயடியில் வரிசை நின்றது. கழுவிய கையோடு கேப்டன் கயிற்றின் நுனியை எடுத்து வந்து அண்ணனிடம் நீட்டினான்.

"தப்புதான்டா. நீ இல்லன்னா எங்களை வாரிட்டுப் போயிடுவாங்க. வா."

அண்ணன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

எங்களிடமிருந்து வந்த சோப்பு வாசனையை முகர்ந்து எதிரணி விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பெல்லாம் விசில் ஊதும் வரைதான்.