ஆறிய உலையில் வளர்ந்த செதில்

ஆறிக் கிடக்கும் இரும்பில் செதில் வளராது. பசுந்தாங் என்னும் ஓடையின் கரையிலிருந்த அரிசி ஆலையின் கொதிகலனோடு பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த நல்லையா அதனை நன்கறிவான். தழலும் காற்றும் சேர்ந்தால்தான் எஃகின் மேற்பரப்பு கருத்துத் தடித்து ஏடு ஏடாக உரியும். உலையை அணைத்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. ஆயினும், நேற்று மாலை அவனே கொத்திப் பளபளக்கச் செய்த குழாய்களின்மேல், இன்று முற்பகலில் அவன் உலைக்குள் தவழ்ந்து நுழைந்தபோது, விரல் தடிமனுக்குச் செதில் படர்ந்திருந்தது.

"நிக்கல் கலந்த எஃகாம், நெருப்புல துருவே ஏறாதாம்!" என்று வெளியிலிருந்து சிரித்தான், உலைக்குத் தீ மூட்டும் உதுமான். "மொதலாளி அதுக்குக் கொட்டுனதுல கால்வாசிய எனக்குத் தந்திருந்தா, நானே துருப்பிடிக்காம இருந்திருப்பேன். அண்ணே, துண்ட மாட்டிட்டுத்தானே உள்ள போனீங்க?"

"மாட்டிட்டேன்."

உலைக்கதவின் கைப்பிடியில் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று பொருள். ஓர் உயிருக்குக் காவலாக ஒரு முழத் துணி போதும் என்று கருதிய ஆலை அது; பூட்டு ஒன்று வாங்கக்கூட அதற்கு மனம் வரவில்லை. சென்ற மாதம் ஆயுத பூசையன்று உள்ளே செதில் கொத்திக்கொண்டிருந்தவன் நல்லையாவின் தம்பி செல்லக்கண்ணு. கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் இடவேண்டி, கரிபடிந்த துண்டை எடுத்தவன் நல்லையா. பொட்டு இட்டான், தேங்காய் வாங்கப் போனான், துண்டைத் திரும்ப மாட்ட மறந்தான். வெறுங்கைப்பிடியைக் கண்ட உதுமான் உமியைத் தள்ளித் தீ மூட்டினான்.

செல்லக்கண்ணுவின் மனைவி தைலம்மாள் இன்றளவும் உதுமானையே சபிக்கிறாள். துண்டை எடுத்தது தான் என்று நல்லையா இதுவரை எவரிடமும் சொல்லவில்லை.

உமிச்சாம்பலின் புளித்த நெடி தொண்டையை அடைத்தது. குழாய்களுக்குள் எங்கோ, சூடேறும் உலோகம் விரிகையில் எழுகின்ற மெல்லிய முறுகல் ஒலி கேட்டு, நின்று, இன்னும் அருகில் கேட்டது. அவன் சுத்தியலை ஓங்கினான். செதில் ஒன்று பெயர்ந்தது. உட்புறத்தில் ரேகைகள். உள்ளங்கை ரேகைகள்.

மீண்டும் கொத்தினான். அடுத்த ஏடு. ஐந்து விரல்கள்.

அடுத்தது. விரல்கள் மடங்கியிருந்தன.

டொக்.

அவன் கொத்தவில்லை.

டொக். டொக்.

"சொல்லிடுறேன்டா," என்று அழுதான் நல்லையா. "இன்னைக்கே சொல்லிடுறேன்."

ஒலி நின்றது.

தவழ்ந்து வெளியே வந்தபோது, சோற்றுத் தூக்குடன் தைலம்மாள் நின்றிருந்தாள். "அத்தான், இந்தப் பாவி எரியவச்ச அடுப்புக்குள்ள நீங்க எதுக்குப் போறீங்க? எனக்குத் துணைக்கு நீங்க ஒருத்தராவது மிச்சம் வேண்டாமா?"

உதுமான் தலைகுனிந்தான்.

"அவனைத் திட்டாத, தைலம்மா. அந்தத் துண்டை…"

நெஞ்சுக்குள் ஏதோ முறுகியது. இருமினான். கருநீலச் செதில் ஒன்று உள்ளங்கையில் விழுந்து சுட்டது.

"அத்தான்!"

"நான்தான்…"

இன்னொன்று. நாக்கின் மேல்தோல் தடித்தது. வெடித்தது. உரிந்தது. தைலம்மாள் பதறி, வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு ஏந்துவதுபோல் முந்தானையை அவனுடைய வாயருகே ஏந்தினாள். சொல் ஒவ்வொன்றும் செதிலாக விழுந்தது. விழுந்த இடமெல்லாம் துணி கருகிப் புகைந்தது. அவள் கையை விலக்கவில்லை. அவன் சொல்வதை நிறுத்தவுமில்லை.