சான்றுப்பொருள் ஒன்பது

பழைய நீதிமன்றம் இப்போது ஊர் வரலாற்று அருங்காட்சியகம். வழிகாட்டியாகச் சேர்ந்த அன்றே மேலாளர் என்னை நீதிபதி மேடைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரிக்கு அழைத்துப் போனார். உள்ளே ‘சான்றுப்பொருள் 9’ என்று சீட்டு ஒட்டிய ஒரு புட்டி. பழுப்புத் திரவத்தில் ஒரு துண்டு மனிதக் குடல் மிதந்தது. நூறு வருஷத்துக்கு முன் புருஷனை விஷம் வைத்துக் கொன்றாள் என்று பிடிபட்ட ஒருத்தியின் வழக்கில் வந்தது, அந்தப் புருஷனின் குடல். தீர்ப்புக்கு முன்பே அவள் காவலில் செத்துப்போனாள்.

கூட்டம் இதற்குத்தான் வருகிறது, கொஞ்சம் மசாலா தடவிச் சொல், வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்றார். குடலைக் காட்டிப் பிழைப்பதா என்று கூசியது. ஆனாலும் சொன்னேன். சிரித்துக்கொண்டே விஷத்தைச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள் என்று, இல்லாத சிரிப்பையும் நடித்துக் காட்டினேன். சீ, என்ன ஜென்மம் நான்.

ஒரே வாரத்தில் நாற்றம் தொடங்கியது. அழுகிய இறைச்சியும் வாந்தியும் கலந்த நாற்றம். எலி செத்திருக்கும் என்று குற்றவாளிக் கூண்டின் பலகைகளைக்கூடப் பெயர்த்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பார்வையாளர்கள் மட்டும் என்னைவிட்டுத் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

நாற்றம் என் வாயிலிருந்து வந்தது.

பல் வைத்தியர் கையை விரித்துவிட்டார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கப் போனால் ஐந்து வயது மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் கதையைச் சொல்லும் வாய்தானே நாறுகிறது என்று, அருங்காட்சியகத்தில் கிடந்த அவளுடைய வழக்குக் கட்டைத் தேடிப் பிரித்தேன். கடைசித் தாளில் பரிசோதனை அறிக்கை. விஷம் இல்லை, கெட்டுப்போன இறைச்சி. அது வந்து சேர்ந்தது அவள் இறந்த பதினோராம் நாள்.

மறுநாள் காலை, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, புட்டியைப் பார்த்தே சொன்னேன்.

“அவங்க கொல்லல. நான்தான் இத்தனை நாளும் பொய் சொன்னேன்.”

நாற்றம் அப்போதே நின்றது. மத்தியானமே மேலாளர் என்னை வேலையைவிட்டு அனுப்பினார். பீடை ஒழிந்தது என்று வீட்டுக்கு ஓடினேன்.

மனைவி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். கிட்டே வந்து என்னை முகர்ந்தாள். முகம் வெளிறியது.

“உங்ககிட்ட இல்லங்க. உள்ள.”

உள்ளே மகள் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் சவரம் செய்தபடி நான் ஒத்திகை பார்த்த அதே கதை. ஒரு வார்த்தை பிசகவில்லை. அந்தச் சிரிப்பும் இருந்தது.

“வேணாம்டா கண்ணு. அது பொய். அப்பா சொன்னது எல்லாம் பொய்.”

அண்ணாந்து பார்த்தாள். கண் நிறைய நீர்.

“என்னால நிறுத்த முடியலப்பா.”

அவள் கடைவாயில் பழுப்புத் திரவம் வழிந்தது. அதைத் துடைக்காமலே, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.