ஐந்து மணிக்கு அழுதவள்

மாலை ஐந்து மணி இரண்டு நிமிடம்.

பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடிக் கதவைச் சாத்தினார்கள்.

ஏரிக்கரையிலிருந்து அந்த அலறல்!

ஏட்டு தானியேல் ஓடினார்.

மதகுக்குப் பக்கத்தில், கோரைப் புதருக்குள் முனுசாமி கிடந்தான். மதகைத் திறந்து ஊர் வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவன். பின்மண்டை பிளந்திருந்தது. அவன் மனைவி சின்னப்பொண்ணு மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் சார் பாத்தேன்... ஐயோ!"

தானியேல் முனுசாமியின் கையைத் தூக்கிப் பார்த்தார். விறைத்திருந்தது. காயத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

கூட்டத்தைக் கரைக்கு அப்பால் விரட்டிவிட்டுக் குனிந்தார்.

"இவன் செத்து பத்து மணி நேரத்துக்கு மேல ஆவுது, சின்னப்பொண்ணு."

அழுகை நின்றது.

அவள் விரலில் ஓட்டு மை.

"ஓட்டு வேற போட்டுட்டு வந்துக்கிற! புருசன் பொணமா கெடக்கசொல... இன்னா பொம்பள நீ?"

"காலைல ஆறு மணிக்கு நாஷ்டா எடுத்தாந்தேன் சார். கரை மேல, போறவன் வர்றவன் கண்ணுல படுற மாதிரி போட்டுட்டுப் போயிருந்தானுங்க. நான்தான் இழுத்தாந்து இதுக்குள்ள மறச்சேன்."

"ஏன்?"

"நான் அழுதா தெருவே இங்க வந்துடும். பொணம் எடுக்கற வரைக்கும் எங்க தெருவுல அடுப்பு எரியாது. ஒருத்தரும் வேற சோலிக்குப் போவ மாட்டாங்க. நூத்திப் பன்னெண்டு ஓட்டு சார்! அதுக்குத்தான இன்னிக்குன்னு பாத்து அடிச்சானுங்க?"

தானியேலுக்குப் புரிந்தது.

எழுபதாம் வருஷத்துப் பஞ்சாயத்துத் தேர்தல். தலைவர் பூவராகவன் மறுபடியும் நிற்கிறார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலை வருகிறது என்றதும் ஏரிக் கால்வாயைத் தூர்த்து, மனைக்கல் நட்டு, தன் பெயரில் நகர் போட்டவர். அந்தக் கற்களைப் பிடுங்கி எறிந்தவன் முனுசாமி. எதிர்த்து நிற்கும் குப்புராஜுக்காக வீடு வீடாகப் போனவனும் அவன்தான்.

"யார் கேட்டாலும் மதகாண்ட இருக்காருன்னேன். பொய் இல்லியே சார்..." சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். "கால்வா நிக்கணும்னாரு. அதுக்காவ பல்லக் கடிச்சிக்கினு வரிசைல நின்னேன்."

தானியேல் தொப்பியைக் கழற்றினார்.

"எப்ப செத்தான்னு யாராண்டையும் வாயத் தொறக்காத."

பிணம் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனது. அவள் கூடப் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில் போய் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு எண்ணி முடித்தார்கள்.

பூவராகவன் ஜெயித்துவிட்டார்! முப்பத்தொரு ஓட்டு வித்தியாசம்!

தானியேல் உள்ளே போனார். "தலைவரே, கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வாங்க. முனுசாமி விஷயமா..."

பூவராகவன் மாலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"என்னையா? அவன் தெருவுல ஊட்டுக்கு ஒரு மனைச்சீட்டு முந்தாநாளே குடுத்தாச்சு ஏட்டய்யா. மொத்தத் தெருவும் நம்ம பக்கம். அவன் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியாது."

தானியேல் திகைத்தார்.

அந்தத் தெரு ஓட்டுப் போடாமல் இருந்தால்... யாருக்கு லாபம்?

மூலையில் குப்புராஜ் பெஞ்சை எட்டி உதைத்தான்.

"செல்லாது! இந்த எலெக்சன் செல்லாது! விடிஞ்சதுலேந்து பொணம் கெடக்குற தெரு... எப்பிடிய்யா வந்து ஓட்டு போட்டுது?"



தானியேல் நிதானமாக அவனிடம் நடந்தார்.

"ஊருக்கு அழுகை கேட்டதே அஞ்சு மணிக்கு. உனக்கு மட்டும் விடியகாலைலயே கேட்டுதா, நைனா?"

குப்புராஜ் வாசல் பக்கம் நகர்ந்தான். தானியேல் அவன் சட்டையைப் பிடித்தார்.

"உனக்காவ ஊடு ஊடா ஏறுனவன்டா அவன்!"

"தெரு கைமாறிப் போச்சின்னு தெரிஞ்சிபோச்சி... ஒரு பொணம் உழுந்தா தெரு அப்பிடியே நின்னுடும்னு..." குப்புராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "யாராவது பாப்பாங்கன்னு நாள் பூரா காத்துக்கினு இருந்தேன். ஒரு அழுகை கேக்கலியே!"

விலங்கு மாட்டி வெளியே கொண்டுவந்தார் தானியேல்.

வாசலில் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அவள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார்கள்.

குப்புராஜை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏட்டின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அப்போ... காலையிலியே நான் அழுதிருக்கலாமா, சார்?"