எலைசாவின் கரண்டி

கரண்டியின் விளிம்பில் பல் தடம் இருந்தது.

வாகீசன் அதைச் சன்னலோரம் கொண்டுபோய், திருநீறு தொட்டு, பழைய வேட்டித் துண்டால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை. அரிசிமணி அளவில் இரண்டு சின்னப் பள்ளங்கள், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல். வெள்ளி இளகிய உலோகம், கடித்தால் பதியும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் போன கிழமைதான் நகைப் பத்தரிடம் கொடுத்து, அதே இடத்தை மட்டப்படுத்தி வாங்கி வந்திருந்தான். வீட்டில் இருப்பதோ மூன்றே பேர். அதில் ஒருவனுக்குப் பல்லே இல்லை.

அந்த ஒருவன் லக்ஷன். எட்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. பத்து மாதமாகியும் பல்முரசு வெறுமையாகவே கிடந்தது. முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கவென்று மனைவி நிரோஜா வறுத்து வைத்த மா தகரப் பேணிக்குள் கிடந்து பழுதாகி, அவள் இரண்டாம் தரமும் வறுத்து வைத்துவிட்டாள்.

கொக்குவிலில் இரும்புக்கடை வைத்திருந்த வாகீசனுக்கு அமெரிக்க வெள்ளிக் கரண்டிப் பைத்தியம். இருநூறு வருஷத்துக்கு முன் மிஷன் நடத்த வந்த குடும்பங்கள் கப்பலில் கொண்டுவந்து, இங்கேயே விட்டுப்போனவை. கைப்பிடியில் பெயர் செதுக்கிய கரண்டி ஒன்று எங்கேயாவது இருக்கிறதென்று காதில் விழுந்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. கண்ணாடி அலுமாரியில் நாற்பதுக்கு மேல் அடுக்கியிருந்தான். அவற்றில் இந்த ஆறின்மேல்தான் அவனுக்கு உயிர். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரின் பெயர்கள்; பல் தடம் விழுந்திருந்தது எலைசா என்ற பெயருள்ளதில். ஒவ்வொரு பெயரின் கீழும் பிறந்த திகதி, அதற்குக் கீழ் இறந்த திகதி.

காசு கொடுத்து வாங்கியவையல்ல. அரியாலையில் தனியே இருக்கும் மரியநாயகியிடம், "படம் எடுத்துப்போட்டு நாளைக்கே கொண்டுவந்து தாறன், அம்மா" என்று வாய் கூசாமல் சொல்லித் தூக்கி வந்தவை. அவளுடைய பூட்டியின் பூட்டி அந்தப் பிள்ளைகளைப் பார்த்த ஆயா. மரியநாயகி மூன்று தரம் பஸ் ஏறி வந்து அவன் வாசல் படலையில் நின்றாள். மூன்று தரமும் அவன் உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்ல வைத்தான். மூன்றாம் தரம் அவள் உரக்கச் சொன்னது கேட்டது.

"தம்பி, வெள்ளிக்கிழமையிலை கரண்டிக்கொரு சொட்டுப் பாலாவது விடுங்கோ. பசி கிடந்து செத்த பிள்ளையள்."

அன்றைக்கு அவன் சிரித்தான். இப்போது திகதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஆறில் ஒன்றுகூட ஐந்து மாதம் தாண்டவில்லை. ஒன்றுக்கும் பல் முளைத்திருக்காது.

அடுத்த நாள் மத்தியானம் கரண்ட் நின்றது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி ஓய, வியர்வையும் பிள்ளைப் பவுடரும் புளித்த பாலும் கலந்த மணம் வீட்டுக்குள் கனத்து நிற்க, ரயில் பாதைப் பக்கம் காகம் ஒன்று கரைந்துவிட்டு அடங்கியபோது, கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து அந்தச் சத்தம் வந்தது. நற. நற. எலியாக்கும் என்று நினைத்தான். எலி மரத்தைக் கொறிக்கும். இது வெள்ளி. அவனுக்குப் பல் கூசியது. சத்தம் நின்றது. உடனே அறைக்குள் லக்ஷன் வீரிட்டான்.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ!"

நிரோஜா பிள்ளையின் கீழுதட்டை விலக்கிப் பிடித்திருந்தாள். "விடிய இதிலை வெள்ளையா ஒரு பல்லு தெரிஞ்சது. என்ரை கண்ணாலை பாத்தனான். இப்ப பாருங்கோ!"

முரசில் ஒரு குழி. இரத்தம் கசிந்தது. பல் இல்லை.

வாகீசன் அலுமாரியைத் திறந்தான். எலைசாவின் கரண்டியில் மூன்றாவது பள்ளம். தொட்டான். ஈரம். ஆறையும் அள்ளிக்கொண்டு அரியாலைக்கு ஓடினான்.

மரியநாயகி கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆறு கரண்டிகளையும் அவள் காலடியில் வைத்தான்.

"எனக்கு வேண்டாம். நான் பால் விட்டு அடக்கி வைச்சிருந்தனான். நீங்கள் பட்டினி போட்டிட்டியள். இனிப் பாலுக்கு அடங்காதுகள்."

"அம்மா, என்ரை பிள்ளை..."

"படலையிலை நிண்டு நானும் கும்பிட்டனான், தம்பி."

அவன் அழுதான். அவள் அவசரப்படவில்லை. சாவகாசமாக இருந்து, அவன் அழுது முடியும்வரை பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்.

"மிஷன் சவக்காலையிலை ஆறு சின்னக் கல்லு நிக்குது. கல்லுக்கொண்டாத் தாட்டுவிடுங்கோ. ஆறையும். ஒண்டைப் பிரிச்சாலும் மற்றதுகள் தேடி வரும்."

ஆறு கல்லடியிலும் குழி தோண்டி, ஐந்தைத் தாட்டான். ஆறாவதைக் கையில் எடுத்தபோது பின்னேர வெயில் அதில் பட்டது. கைப்பிடி நுனியில் ஒரு குருவி. அதன் சொண்டிலிருந்து கிளம்பிய கோடு வளைந்து வளைந்து எலைசா என்று எழுதியிருந்தது. இப்படியொன்றை இனி எந்தப் பிறப்பில் காண்பான்? மனம் வரவில்லை. ஐந்து போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாவி, வெறுங்குழியை மூடினான்.

ஒரு கிழமைக்குள் லக்ஷனுக்கு இரண்டு பல் வந்தது. நிரோஜா சந்தோஷத்தில் அழுதாள். வாகீசன் எலைசாவின் கரண்டியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டான்.

பல்லுக்கொழுக்கட்டை ஞாயிறு காலை நடந்தது. பிள்ளையை வெள்ளை விரிப்பில் இருத்தி, முன்னால் தட்டத்தில் பேனை, புத்தகம், சங்கிலி, கண்ணாடி எல்லாம் வைத்தார்கள். எதை எடுக்கிறானோ அதில் கெட்டிக்காரனாக வருவான். கொழுக்கட்டை ஒவ்வொன்றின் ஓரத்திலும் நிரோஜா விடியவே இருந்து, சிறிதாகச் சீவிய தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசையாகக் குத்தியிருந்தாள். அவற்றைப் பிள்ளையின் தலையில் கொட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். வாகீசனும் பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அவனுடைய அக்கா கேதீஸ்வரி, உருண்டு வந்த ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

கடக்.

"என்னடி நிரோஜா, தேங்காய்ச் சொட்டு கல்லு மாதிரிக் கிடக்கு."

உள்ளங்கையில் துப்பினாள். பார்த்தாள். அவள் வாய் மூடவில்லை.

பல். வேரில் இரத்தம்.

வாகீசன் விரிப்பைப் பார்த்தான். உருண்டு கிடந்த கொழுக்கட்டைகள். அவற்றின் ஓரங்களில் பல். எல்லாவற்றிலும். சின்னப் பால்பற்கள். பிறகு வரவேண்டிய பெரிய பற்களும்.

இடுப்பைத் தடவினான். திறப்பு இருந்தது.

லக்ஷன் தட்டத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துவிட்டான். அவன் பிடிக்குள் குருவி மின்னியது. கரண்டியை அப்பாவிடம் நீட்டி, சாப்பாடு கேட்கும்போது திறப்பதுபோல வாயை அகலத் திறந்தான். மேலும் கீழும் குழிகள். வரிசையாக. சிவப்பாக.

நிரோஜா அலறினாள். விரிப்பின் கீழே ஐந்து சின்ன மேடுகள் பிள்ளையை நோக்கித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தன.