துணை: உண்டு

புரோகிராமில் ‘துணை’ என்ற மாறிக்கு எதிரே ‘உண்டு’ என்று கணினித் திரை காட்டியது. ‘இல்லை’ என்றுதான் காட்டியிருக்க வேண்டும். கூடத்தில் மகள் மட்டும்தான் இருந்தாள்.

நாலு வயது மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். போன வாரம் கதவைத் திறந்துகொண்டு சாலைக்கு ஓடி, லாரிக்கு முன்னால் போய் நின்றவள். டிரைவர் பிரேக்கை மிதித்ததால் தப்பித்தாள். அன்று முதல் அம்மாவுக்குக் கண் மூடினால் லாரிதான். புரோகிராம் எழுதிப் பிழைப்பவள் வேறென்ன செய்வாள்? கதவுக்கு ஒரு காவல் எழுதினாள். குழந்தையோடு பெரியவர் யாராவது நிற்கிறாரா என்று கூடத்துக் கேமரா பார்க்கும். பார்த்ததை ‘துணை’ என்ற மாறியில் ஒரே சொல்லாக, எந்தப் புரோகிராமும் படிக்கும்படி, கணினியின் சூழலில் வைக்கும். காவல் புரோகிராம் அடிக்கடி புதிதாக எழுந்து அதைப் படிக்கும். ‘இல்லை’ என்றால், கதவு அசைந்ததுமே மணி ஊரைக் கூட்டும். ‘உண்டு’ என்றால் வாயே திறக்காது.

மாறியை அழித்தாள். போயிற்று. அப்பாடா என்று திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்தாள். உண்டு.

மறுபடி அழித்தாள். மறுபடி முளைத்தது. பொழுது சாய்ந்து அறையின் மூலைகள் மங்கத் தொடங்கியிருந்தன, மின்விசிறி கடகடத்தது, கூடத்தில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் ‘டொக்... டொக்’ சத்தம் அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதே தொழிலில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டாள். அவன் சிரித்தான். இத்தனை வருஷம் இந்த வேலையில் குப்பை கொட்டியும் இது தெரியாதா என்றான்.

“நீ இந்த ஜன்னல்ல அழிச்சா இந்த ஜன்னலுக்கு மட்டும்தான் போகும். மேல இருந்து ஒண்ணு கொடுத்துக்கிட்டே இருக்கு. அது எதுன்னு பாரு.”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கணினி எழும்போது படிக்கும் தொடக்கக் கோப்புகள் எல்லாம் சுத்தம். அந்தச் சொல் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

“கேமராதான்ணா கொடுக்குது,” என்றாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. “அப்ப அங்க யாரோ இருக்காங்கன்னு அர்த்தம். போய்ப் பாரு. நான் கிளம்பி வரேன்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். வாலு சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. கதவை ஒட்டி மரக்கட்டைகள் கோபுரமாக நின்றன. அம்மாவின் தலைக்கும் மேலே, அவளே எட்டி எட்டிப் போடும் மேல்தாழ்ப்பாள் வரைக்கும். நாற்காலி ஒன்றுகூட இடம் மாறவில்லை.

“யாருடா இவ்ளோ உசரமா அடுக்கினது?”

“எனக்கு எட்டலம்மா,” என்றாள் வாலு. “அதான்.”

குழந்தையை வாரி எடுத்தாள். மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். அறைக்குக் கொண்டுவந்து நாற்காலியோடு ஒட்டித் தரையில் உட்காரவைத்தாள். ஒரு கை மகளின் தலையில். மறு கை விசைப்பலகையில். புது ஜன்னல்.

இல்லை.

மூச்சு வந்தது. கூடத்தில் யாருமில்லை, கேமரா ஒழுங்காகத்தான் பார்க்கிறது, மணியும் அடிக்கும். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டாள். இந்தத் தொழிலின் பழக்கம், எது சரியானாலும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இன்னொரு ஜன்னல் திறந்தாள்.

உண்டு.

மகளின் தலையைத் தேடிக் கை தாழ்ந்தது. வெறும் தரை.

மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? காற்று வந்தது. சாலையின் புழுதி வாசனை. ஓடினாள். கோபுரம் சரியாமல் நின்றது. மேல்தாழ்ப்பாள் திறந்திருந்தது. கதவும்.

தெருவிளக்கின் கீழே வாலு நடந்து போய்க்கொண்டிருந்தாள். வலது கை மேலே. பெரியவர்கள் பிடித்து நடத்தும்போது உயர்வதைவிட இன்னும் மேலே, தோள் காதில் இடிக்கும்படி. பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணாந்து பார்த்து எதற்கோ தலையாட்டினாள்.

“வாலு!”

குழந்தை திரும்பினாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வீட்டை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

உயர்ந்திருந்த கை வெடுக்கென்று இழுபட்டது. சின்னப் பாதங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின.